தொட்டாத்தான் தெரியும்

அக்காவுக்குக் கண்ணைவிடக் கைமேல்தான் நம்பிக்கை அதிகம். கடையில் கத்திரிக்காய் வாங்கினாலும் சரி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி புதுப்புடவை கட்டியிருந்தாலும் சரி, முதலில் கைதான் போகும். பேச்சு அப்புறம். முன்பின் தெரியாத பெண்ணின் முந்தானையை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்து, "சாயம் போகாது, தைரியமாக் கட்டு" என்று சொல்வார். அந்தப் பெண் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

அருப்புக்கோட்டையில் நான் முதன்முதலாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியில் அவர் எனக்கு மூத்தவர். சேர்ந்த அன்று காலை என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தார்.

"சாப்பிடாம வந்திருக்க."

"எப்படிக்கா தெரியும்?"

"கை சில்லுனு கெடக்கு. தொட்டாத்தான் தெரியும்."

பயத்தில் கை சில்லிட்டிருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் நன்றாகத்தான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் அவருடைய டிபன் டப்பாவிலிருந்து பாதி இட்லி எனக்கு வந்தது, அதையும் சாப்பிட்டேன். அக்காவின் கை சொல்வது எப்போதும் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை ஒரு பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல் என்று டாக்டரம்மாவை ஓட ஓடக் கூப்பிட்டுவந்தார். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. தடுப்பூசி மருந்து வந்த ஐஸ் பெட்டியை அப்போதுதான் தூக்கி வைத்திருக்கிறார். குளிர்ந்து கிடந்தது அவருடைய கை. டாக்டரம்மா சிரித்துவிட்டுப் போனார். அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நீயே இப்படிப் பண்ணலாமா" என்று அதைக் கேட்டார்.

எங்களுடையது பச்சைப்பிள்ளைகள் வார்டு. குறைமாதத்தில் பிறந்தவை, எடை குறைந்தவை, மஞ்சள்காமாலை கண்டு நீலவிளக்கின் கீழே கண்ணைக் கட்டிக்கொண்டு கிடப்பவை. பரளச்சி, திருச்சுழி, பந்தல்குடிப் பக்கமிருந்தெல்லாம் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலே சூடு கொடுக்கிற விளக்கு, பக்கத்தில் எண்கள் ஓடுகிற மெஷின். அக்கா எண்களைப் பார்ப்பார், எழுத வேண்டியதை எழுதுவார். எழுதி முடித்தபின் புறங்கையைப் பிள்ளையின் உள்ளங்காலில் வைப்பார், பிறகு வயிற்றில். கடைசியாகக் கன்னத்தை ஒரு விரலால் தடவுவார். முதல் இரண்டும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் உண்டு. மூன்றாவது கிடையாது.

அழுகிற பிள்ளைகளுக்கு அவர் வேறொன்று செய்வார். ஒரு கையை நெஞ்சின்மேல் பரத்திவைப்பார், இன்னொரு கையால் தலையை மூடுவார். தட்ட மாட்டார், ஆட்ட மாட்டார், பாட மாட்டார். வெறுமனே வைத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை, தான் எங்கேயோ வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்போல, அடங்கிவிடும். நானும் அப்படியே வைத்துப் பார்த்திருக்கிறேன். என் கைக்குக் கீழே பிள்ளையின் அழுகை கூடத்தான் செய்தது.

கை கழுவுவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். தோல் வெளுத்து, விரல்நுனி எல்லாம் சுருங்கிப்போயிருக்கும். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் பின்னால் ஊரில் பேசியவர்கள் இதைச் சொல்லவில்லை.

ஊருக்குள் அவரைக் கைராசிச் சிஸ்டர் என்பார்கள். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர், பேரனுக்குத் தடுப்பூசி போடக் கொண்டுவந்தவர், நான் ஊசியோடு போனதும் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ இரும்மா. அந்தச் சிஸ்டரு வரட்டும். அவுக போட்டா பிள்ளை அழமாட்டான்." அக்கா வந்து போட்டார். பிள்ளை நன்றாக அழுதான். பெரியவர் அதைக் கேட்காததுபோல, "பாத்தியா, கைராசி" என்றார்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்போது அக்கா அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"எங்கம்மா இந்தப் பஜாருக்குத்தான் மொளகா வத்தலுக்குக் காம்பு கிள்ள வரும். நெடியில தண்ணி தவிக்கும். கேட்டா சொம்பக் கையில குடுக்க மாட்டாக. கையக் குவிக்கச் சொல்லி ஒசரத்துல இருந்து ஊத்துவாக. இப்ப இதே பஜாரு எங்கைதான் வேணும்னு நிக்குது."

அதில் கோபம் இல்லை. கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதுபோலத்தான் சொன்னார். நடந்துகொண்டே தொடர்ந்தார்.

"நான் பொறந்தது பெரியாஸ்பத்திரியில. வலியில எங்கம்மா கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு கெடந்திருக்கு. ஒரு நர்சம்மா வந்து அந்தக் கைய எடுத்துத் தன் கைக்குள்ள வச்சுக்கிச்சாம். எங்க தெருவத் தாண்டி ஒரு ஆளு எங்கம்மா கையப் புடிச்சது அதான் மொதத் தடவை. அந்த நர்சம்மா மொகமே ஞாபகமில்லைன்னு சொல்லும். கை மட்டும் ஞாபகமிருக்காம். அதுக்காகத்தான் என்னைய இந்தப் படிப்புல சேத்துச்சு."

அக்காவின் ஊர் பரளச்சி போகிற வழியில், மெயின்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஒரு சித்திரை மாதம் அங்கே கோயிலில் பொங்கல் வைத்தபோது என்னைக் கூப்பிட்டிருந்தார். இரண்டு பக்கமும் உழுது போட்டு மழைக்குக் காத்திருக்கிற கரிசல், நடுவில் சீமைக்கருவேலம். வீட்டை ஒட்டி ஓலைச் சாய்ப்பில் சில வெள்ளாடுகள். அதில் செவலை நிறத்தில் ஒன்று, அக்காவின் குரல் கேட்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. போனவுடன் அதன் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நெற்றியோடு நெற்றி வைத்தார். காது, தாடை, கழுத்து, மடி என்று வரிசையாகத் தடவிப் பார்த்தார்.

அவருடைய வீட்டுக்காரர் பந்தல்குடியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர், அதிகம் பேசாதவர். அன்றைக்கு என்னிடம் ஒன்று சொன்னார்: "ஒங்கக்காவுக்கு ஆஸ்பத்திரியும் ஆட்டுக்கொட்டமும் ஒன்னுதான். ரெண்டு எடத்துலயும் தடவிக்கிட்டேதான் இருப்பா."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

அதற்கு அடுத்த ஆடியில், காற்றும் புழுதியுமாக இருந்த நாட்களில், ஒரு பிள்ளையின் கழுத்து மடிப்பில் சின்னச் சின்னதாகச் சீழ்க்கொப்புளம் வந்தது. வெயிலுக்கு வருவதுதான் என்று நினைத்தோம். இரண்டாவதாக இன்னொரு பிள்ளைக்குத் தொடை இடுக்கில் வந்தது. மூன்றாவது பிள்ளைக்குத் தொப்புளைச் சுற்றிச் சிவந்தது. திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமம், தலைச்சன் பிள்ளை, ஆண். குறைமாதம் என்றாலும் நன்றாகத் தேறிவந்துகொண்டிருந்தான். அக்கா கையை வைத்தால் அதிகம் அடங்குகிறவன் அவன்தான். சிவந்த மறுநாள் பால் குடிக்கவில்லை. அக்கா அவன் உள்ளங்காலைத் தொட்டுவிட்டு, டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனார். இந்தத் தடவை கை தப்பாகச் சொல்லவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. அவசரமாக மதுரைக்கு அனுப்பினோம். அக்காதான் ஆம்புலன்ஸில் கூடப் போனார். அவன் திரும்பி வரவில்லை.

கொப்புளத்திலிருந்து எடுத்த சீழைச் சோதித்த முடிவு வந்தது. வழக்கமாகக் கொடுக்கிற மருந்துகள் எதற்கும் அடங்காத கிருமி என்றார் டாக்டரம்மா. அதற்கென்று மதுரையிலிருந்து ஓர் இளைஞரை வரவழைத்தார்கள். கிருமிகளைப் பற்றியே படித்தவர். நாங்கள் எங்களுக்குள் அவரைக் கிருமி டாக்டர் என்று சொல்லிக்கொண்டோம். அவர் நோயாளி யாரையும் பார்க்கவில்லை. பஞ்சு சுற்றிய குச்சிகளை வைத்துக்கொண்டு வார்டைச் சுற்றிவந்தார். எடைபார்க்கும் தராசில் தேய்த்தார், விளக்கின் திருகில், குழாயில், கதவுக் கைப்பிடியில் தேய்த்தார். கடைசியில் எங்களை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு குச்சியை மூக்குக்குள் விட்டு எடுத்தார்.

"மூக்குலயா சார் இருக்கும்?" என்று அக்கா கேட்டார்.

"அதுக்குப் பிடிச்ச இடம் மூக்குதான். நமக்கு ஒண்ணும் செய்யாது. சும்மா குடியிருக்கும். தும்முனா, மூக்கைத் துடைச்சா கைக்கு வரும். கையைக் கழுவுனாலும் மறுபடி மூக்குலருந்து வரும்."

முடிவு வந்தபோது இரண்டு பேருக்கு இருந்தது. ஒருவர் டாக்டரம்மா, இன்னொருவர் அக்கா. தராசிலும் விளக்கின் திருகிலும் இருந்தது. டாக்டரம்மாவுக்கு இருந்ததை எல்லாரும் சீக்கிரம் மறந்துபோனார்கள். அக்காவுக்கு இருந்தது மட்டும் ஊர்முழுக்கத் தெரிந்தது.

டாக்டரம்மா நல்லவர். அக்காவைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, நான் இருக்கும்போதே சொன்னார். "எனக்கு என்ன மருந்தோ அதேதான் ஒங்களுக்கும். மூக்குல தடவிக்கங்க, இந்த மருந்தைத் தேய்ச்சுக் குளிங்க. கொஞ்ச நாள் லீவு. மறுபடி டெஸ்ட்டு பாத்துட்டு வந்துடலாம். அதுவரைக்கும் யாரையும் தொட வேண்டாம்."

அக்கா தலையை ஆட்டினார். கதவுவரை போய்த் திரும்பி, "வீட்டுலயுமா டாக்டர்?" என்று கேட்டார்.

"முடிஞ்சவரைக்கும்" என்றார் டாக்டரம்மா.

பஸ் ஸ்டாண்டுவரை நான் கூடப் போனேன். எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர், அன்றைக்கு இரண்டு கையையும் பையின் வாரில் கோத்துக்கொண்டு ஓரமாக நடந்தார். பஸ் ஏறும்போது கண்டக்டர் கைநீட்டி டிக்கெட் கொடுத்தார். அக்கா அதன் முனையை மட்டும் பிடித்து வாங்கினார்.

மருந்து வேலை செய்தது. சோதித்துப் பார்த்தபோது கிருமி இல்லை. வேலைக்கு வந்தார். அவர் வந்த அன்று வார்டே கொஞ்சம் வெளிச்சமாக இருந்ததுபோல எனக்குப் பட்டது. ஆனால் அடுத்த சோதனையில் மறுபடியும் இருந்தது. டாக்டரம்மாவுக்குத் திரும்ப வரவில்லை, அக்காவுக்கு மட்டும் வந்தது.

கிருமி டாக்டர் அவரிடம் வீட்டில் யார் யார் என்று கேட்டார். மகன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான், வீட்டுக்காரரும் தானும்தான் என்றார். வேறு யாரும் இல்லையா, நாய், பூனை என்று கேட்டபோதுதான் அக்கா, "ஆடு இருக்கு சார். ஒன்னுக்கு மடி வீங்கியிருக்கு" என்றார்.

வழி காட்ட நானும் அவருடைய காரில் போனேன். செவலையின் மடி ஒரு பக்கம் கல்லாக இறுகியிருந்தது. கிருமி டாக்டர் அக்காவுக்கும் கையுறை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு ஆட்டின் முகத்தைப் பிடித்தார் அக்கா. செவலை அந்தக் கையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அக்கா மறுபடி பிடித்தார். அது மறுபடி திருப்பியது. "நான்தான்த்தா" என்று மெதுவாகச் சொன்ன பிறகுதான் நின்றது. அதன் மூக்கிலும் குச்சியை விட்டு எடுத்தார்கள். பாலைச் சின்ன பாட்டிலில் பீய்ச்சினார்கள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், அது உடம்பைத் தேய்த்துக்கொள்கிற கம்பில்கூடத் தேய்த்து எடுத்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளி நின்று பார்த்தார். அவர் மூக்கிலும் எடுத்தார்கள். அவர் மூக்கில் ஒன்றும் இல்லை.

ஆட்டின் மூக்கில் இருந்தது, பாலில் இருந்தது, தொட்டி விளிம்பிலும் இருந்தது. வார்டில் பிள்ளைகளிடம் இருந்த அதே கிருமி.

செய்தி கேட்ட அன்றே ஆஸ்பத்திரியில் பேச்சு மாறிவிட்டது. ஆட்டுக்கொட்டத்திலிருந்து கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள் என்றார்கள். இவர்களை எல்லாம் இந்த வார்டில் வைத்ததே தப்பு என்று ஒருவர் சொன்னார். 'இவர்கள்' என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் புரிந்திருந்தது. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, ஆட்டை விற்றுவிடுங்கள் அல்லது வேலையை விட்டுவிடுங்கள் என்றார். அப்போது கிருமி டாக்டர் அங்கே இருந்தார்.

"சார், ஒரு நிமிஷம். இது ஆடுமாட்டுல வழக்கமா இருக்குற வகை இல்ல. ஆஸ்பத்திரி வகை. மருந்து நிறைய புழங்குற இடத்துல வளர்ந்து, மருந்துக்குப் பழகிப்போனது. ஆட்டுக்கு இது இங்கருந்துதான் போயிருக்கணும். இவங்க மேல ஏறிப் போயிருக்கும். இப்ப அங்கருந்து இவங்களுக்கே திரும்ப வருது."

மேனேஜர், "எப்படியோ, ஆடு வேண்டாம்" என்றார்.

அக்கா கிருமி டாக்டரைப் பார்த்து, "அப்ப அந்த வாயில்லாச் சீவனுக்குச் சீக்கக் குடுத்தது நானா சார்?" என்று கேட்டார்.

"நீங்கன்னு இல்ல. ஆஸ்பத்திரி. நீங்க நடுவுல இருந்தீங்க."

அக்கா மேனேஜரிடம் திரும்பினார். "வித்தா வாங்குறவுக வீட்டுல போயி நிக்கும். கறிக்குப் போட்டா அறுக்குறவுக கையில ஒட்டும். இங்கருந்து போனது சார் அது. நானே வச்சுக் குணமாக்கிக்கிறேன். அதுவரைக்கும் வார்டுக்குள்ள வரல."

அவர் மேனேஜர் முன்னால் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. குரல் உயரவில்லை. ஆனால் மேனேஜர் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் தன் ஊரில் அக்கா செய்த காரியத்தைப் பிற்பாடு அவருடைய வீட்டுக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். பக்கத்து வீட்டுக்காரி தன் சின்னப் பிள்ளைக்குச் செவலையின் பாலைக் காய்ச்சாமல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சளிக்கு நல்லது என்று அந்தப் பக்கம் கொடுப்பார்கள். பிள்ளைக்குக் காதுக்குப் பின்னால் கட்டி வந்து உடைந்து ஆறியும் விட்டது. யாரும் இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அக்கா போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பால் கொடுக்காதே, பிள்ளையை டாக்டரிடம் காட்டு, தப்பு என்மேல்தான் என்று. அந்தப் பெண் முதலில் ஒன்றும் விளங்காமல் பார்த்திருக்கிறாள். விளங்கியதும், "நர்சு வீட்டுப் பாலுன்னு நம்பித்தானக்கா வாங்குனேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் கிருமி டாக்டரோடு போனில் பேசி, செவலைக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துக் கொடுத்தார். பால் கறந்து குழியில் ஊற்றி மண்ணைத் தள்ள வேண்டும். அக்கா கையுறை போட்டுக்கொண்டு அதைச் செய்தார். ஒரு பக்க மடி சுருங்கிப் போயிற்று. கிருமியும் ஒருவழியாகப் போயிற்று, முதலில் ஆட்டிடமிருந்து, அப்புறம் அக்காவிடமிருந்து. கார்த்திகை பிறந்து மழை பிடித்த பிறகு வேலைக்குத் திரும்பினார். டாக்டரம்மாதான் மேனேஜரிடம் பேசி வரவழைத்தார்.

இனி எல்லாம் பழையபடி என்று நான் நினைத்துக்கொண்டேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வந்த அன்று கழுவிய கையைத் துடைத்துவிட்டு, ஓரமாகக் கிடந்த ஒரு பெண்பிள்ளையின் உள்ளங்காலில் புறங்கையை வைத்தார். வயிற்றில் வைத்தார். கன்னத்தில் ஒரு விரலை வைத்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த வாரமே திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளையின் அம்மா வந்தாள். காப்பீட்டுக்கு ஏதோ ஒரு பேப்பர் வாங்க வந்தவள், வார்டு வாசலில் வந்து நின்று அக்காவைக் கேட்டாள். சின்னப் பெண். மெலிந்துபோயிருந்தாள். அக்கா வெளியே போனதும், அவருடைய இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"எம்பிள்ளைய நான்கூட ரெண்டு வாட்டிதான் மடியில வச்சிருந்தேன். அவென் பூமியில இருந்த நாளெல்லாம் இந்தக் கைக்குள்ளதான்க்கா இருந்தான்."

அக்கா கையை இழுக்கவில்லை. அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். டாக்டரம்மா அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார்: தராசிலும் இருந்தது, என் மூக்கிலும் இருந்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று. அதெல்லாம் உண்மைதான்.

"தாயி, ஒங்கிட்ட ஒன்னு சொல்லணும்" என்றார் அக்கா. "அவனுக்கு வந்த கிருமி இந்த வார்டுல பல எடத்துல இருந்துச்சு. எம்மேலயும் இருந்துச்சு. எங்கைவழியாக்கூட அவனுக்குப் போயிருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியல. ஆனா நீ தெரியாம எங்கையக் கண்ணுல வைக்கக்கூடாது."

அந்தப் பெண் அக்காவின் கைகளைக் கண்ணிலிருந்து இறக்கினாள். விட்டுவிடவில்லை. கொஞ்ச நேரம் அந்த உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அழுவாள் என்றும் எதிர்பார்த்தேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைப்பதுபோல ஒவ்வொரு கையாக மெதுவாக விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரிக்கா, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு அக்கா எதையும் தொட்டுப் பார்த்து நான் காணவில்லை. வேலையில் ஒரு குறையும் இல்லை. கையுறை போட்டு, ஊசி போட்டு, பால் கொடுத்து, துணி மாற்றி எல்லாம் செய்வார். தெர்மாமீட்டரை வைத்து எண்ணைப் படித்து எழுதுவார். ஆனால் செய்ய வேண்டியது முடிந்ததும் கை உடனே திரும்பி வந்துவிடும். அழுகிற பிள்ளையைப் பார்த்து, "ஏ புள்ள, அவனைக் கொஞ்சம் பாரு" என்று என்னிடம் சொல்வார். தை மாதம், தன்னை வெளிநோயாளிகள் பக்கம் மாற்றிவிடச் சொல்லி அவரே கேட்டுக்கொண்டார். அங்கே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. பாத்திரக்கடைப் பெரியவர் ஒருநாள் அடுத்த பேரனோடு வந்து, அந்தச் சிஸ்டர்தான் வேண்டும் என்றார். அக்கா மேஜையிலிருந்தபடியே கும்பிட்டு, "இப்ப நான் ஊசி போடுறதில்ல ஐயா" என்றார். பெரியவர் பழைய சேதி எதுவும் அறியாதவராக இருக்க வேண்டும், அல்லது அறிந்தும் வந்தவராக இருக்க வேண்டும்.

இப்போது எனக்கு வேலை தூத்துக்குடியில். பெரிய வார்டு. கட்டிலுக்குக் கட்டில் கை துடைக்கிற மருந்து தொங்குகிறது, கையுறைக்குப் பஞ்சமில்லை. இதெல்லாம் வேண்டும், இதில் ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது என்று புதிதாக வருகிற பெண்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறவள் நான்தான். சொல்லிவிட்டு, சில நாள் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, என் தோளில் ஒரு கை வந்து விழாதா என்று இருக்கும். அக்கா பரளச்சி ரோட்டில் அந்த வீட்டில்தான் இருக்கிறார். நல்லநாள் பெரியநாளுக்குப் போனில் பேசுகிறோம். சாப்பிட்டியா என்று கேட்பார். முன்பு அதை அவர் கேட்டதில்லை. மணிக்கட்டைப் பிடித்துத் தெரிந்துகொள்வார். குரல் நன்றாகத்தான் கேட்கிறது. எனக்கு வேண்டியது குரல் இல்லை.

கடைசியாக அவரை நேரில் பார்த்தது, என் மகள் பிறந்து பாளையம்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தபோது. குளித்து, வெளுத்த சேலை கட்டி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அம்மா எவ்வளவோ கூப்பிட்டும் அறைக்குள் வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். கை இரண்டும் முந்தானைக்குள் இருந்தன.

"வாங்கக்கா. வந்து தூக்குங்க" என்றேன்.

"பாத்துட்டேன்ல. போதும்."

"ஒங்களுக்கு ஒன்னுமில்லைன்னுதான் டெஸ்ட்டே சொல்லிருச்சேக்கா. எத்தனை வருசமாச்சு."

"தெரியும் புள்ள." முந்தானையை இன்னும் இழுத்துக்கொண்டார். "எனக்காக ஒன்னு செய்யி. நீ தொடு. தொட்டு எனக்குச் சொல்லு."

நான் மகளின் போர்வையை விலக்கினேன்.

"புறங்கைய வையி. மொதல்ல உள்ளங்கால்."

"சூடா இருக்குக்கா. எம்புட்டுச் சூடு வேணுமோ அம்புட்டு."

"வயிறு?"

"அதுவும் அதே மாதிரி. மெத்துனு இருக்கு. இப்பத்தான் பால் குடிச்சா."

"நெஞ்சுல கையப் பரத்தி வையி. தட்டாத. சும்மா வையி."

வைத்தேன். என் கைக்குக் கீழே நெஞ்சுத் துடிப்பு வேகவேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்து, ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முந்தானைக்குள் அவருடைய விரல்கள் விரிந்து நின்றன.

அவர் போதும் என்று சொல்லட்டும் என்று கையை எடுக்காமல் இருந்தேன். அவர் சொல்லவில்லை.